அடிவாரத்துச் சரித்திரம் – 14: சட்டம் வந்த வழியும் சோறு வந்த வழியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பின் காட்டையும் அதன் மரக்கிளைகளில் கூடுகட்டி வாழும் சாம்பல் நிற அணிலையும் காக்கும் பொருட்டு, 1988-ஆம் ஆண்டின் இறுதியில் சர்க்கார் பிறப்பித்த சரணாலய அறிவிப்பைப் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். அணிலுக்கு ஒரு சாஸனம் பிறந்த கதை அது. அதே மலையின் நிழலிலும், அந்த நிழல் எட்டாத கரிசல் காட்டிலும் பிறந்து வளர்ந்த மனிதக் குழந்தைகளுக்கென்று இயற்றப்பட்ட சாஸனங்கள் எக்காலத்தில், எவ்வழியாக, எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தன என்பதை இப்போது ஆராய்வது முறையாகும்.

முதலில் நிலத்தின் அமைப்பை நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மேற்கே மலை, மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்பும் எல்லைவரை மாந்தோப்பும் தென்னையும் நெல்வயலும், அந்த எல்லையில் கைத்தறிக்கும் கோயிலுக்கும் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரும், பஞ்சாலைகளுக்குப் பேர்போன இராஜபாளையமும், அவற்றுக்குக் கிழக்கே, வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் விளைவிக்கும் கரிசல் பூமி, அந்தக் கரிசலின் நடுவே சாத்தூரும் சிவகாசியும். இந்த நாற்பது ஐம்பது கிலோமீட்டர் அகலத்துக்குள், காட்டில் தேனெடுக்கும் குடும்பத்துப் பிள்ளை, தறிக்குழியருகே நூல் சுற்றும் பிள்ளை, தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் பிள்ளை என்று மூன்று விதமான பால்யங்கள் ஒன்றையொன்று அறியாமலே நடந்துவந்தன. கண்ணனின் தளர்நடையையும் சப்பாணியையும் தாயின் கண்ணால் பார்த்துப் பாடிய பெரியாழ்வார் பிறந்த ஊர் இந்த நிலத்தின் மத்தியில் இருக்கிறது. அவ்வூர்க் கோபுரமே இராஜ்ய சர்க்காரின் முத்திரையில் விளங்குவது என்று ஊரார் பெருமையோடு சொல்லிக்கொள்வர். அந்த முத்திரை பதித்த காகிதங்களில்தான் நம் கதையின் பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கிறது.

கதையை 1920-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அந்த ஒரே ஆண்டில் சென்னை மாகாணத்தில் குழந்தைகளைக் குறித்து மூன்று காரியங்கள் நடந்தன. குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காமல் தனி விசாரணைக்கும் தனிப் பள்ளிக்கும் அனுப்ப வகைசெய்யும் சென்னைக் குழந்தைகள் சட்டம், இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவதாக, அவ்வாண்டு இயற்றப்பட்டது. ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால், சர்க்கார் அனுமதியுடன் தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியை ஏற்படுத்தலாம், அதற்கென வரியும் விதிக்கலாம் என்று சொல்லும் ஆரம்பக் கல்விச் சட்டமும் அவ்வாண்டே வந்தது. மூன்றாவதாக, சர் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைவராயிருந்த சென்னை நகராண்மைக் கழகம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி கொடுப்பதென்றும், தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாதென்றும் தீர்மானித்தது. முதலிரண்டும் கெஸட்டில் ஏறிய சட்டங்கள். மூன்றாவதோ வெறும் தீர்மானம், சில ஆண்டுகளில் நிதி அனுமதி மறுக்கப்பட்டு நின்றும் போனது. ஆயினும் பிற்காலத்தில் ஜில்லா ஜில்லாவாகப் பரவி, காடு வரையில் ஏறிவந்தது அந்த மூன்றாவதுதான் என்பதைப் போகப்போகக் காண்போம்.

‘விரும்பினால்’ என்ற நிபந்தனை கொண்ட கட்டாயச் சட்டம் எப்படி நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வரி விதிக்க எந்த ஊர்ச் சபைக்கும் விருப்பமில்லை. நம் பகுதியில் கல்விக்கு வேறோர் உபாயம் கண்டுபிடித்தவர்கள் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) வியாபாரிகள். அன்றாடம் உலைவைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லி, அதைச் சேகரித்து, விற்று, அந்தப் பணத்தையும் மகமை நிதியையும் கொண்டு அவர்கள் சத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். சம்பளமில்லாத அந்தப் பள்ளியில்தான் 1903-இல் பிறந்த காமராஜ் என்ற சிறுவன் படித்தான். குடும்பச் சூழ்நிலையால் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டான். பிடியரிசியால் நடந்த பள்ளியிலிருந்து வெளியேறிய அந்தப் பையன் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பள்ளிக்குள்ளேயே அரிசியைக் கொண்டுவந்தான் என்பதில் ஒரு தொடர்பு இருக்கிறது என்பது என் ஊகம். இதற்கு ஆவண ஆதாரம் கேட்பவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை.

1952 பொதுத் தேர்தலில் இந்த அடிவாரம் விசித்திரமான தீர்ப்பை அளித்தது. இராஜபாளையத்தைச் சேர்ந்தவரும், இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியின் கையில் வளர்ந்தவரும், 1949 முதல் சென்னை இராஜ்யத்தின் முதன்மந்திரியாயிருந்தவருமான பூ. ச. குமாரசாமி ராஜா தோல்வியுற்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து காமராஜ் லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதன்மந்திரிப் பதவி இராஜாஜியிடம் சென்றது. அவர் 1953-இல் கொண்டுவந்த மாற்றியமைத்த ஆரம்பக் கல்வித் திட்டத்தின்படி, கிராமத்துப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில் இருப்பர். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். ஆசிரியர் பற்றாக்குறைக்கு இது நல்ல பரிகாரம் என்று ஒரு சாராரும், குலத்தொழிலை நிலைநிறுத்தும் ஏற்பாடு என்று மறுசாராரும் வாதாடியது தமிழ்நாடு முழுதும் அறிந்த சரித்திரம். ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளர் தெருவில் அதைப் பொருத்திப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பாவு விரிக்கவும், இழை முடியவும், தார் சுற்றவும் வீட்டிலுள்ள சிறுவர்களின் விரல்களை ஏற்கெனவே முழுநாளும் வேண்டிநின்ற தொழில் அது. பாதி நாளைச் சர்க்காரே தறிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், மீதிப் பாதியையும் தறி கேட்டு வாங்கிக்கொள்ள எத்தனை மாதம் பிடிக்கும்? 1954 ஏப்ரலில் முதன்மந்திரியான காமராஜ் அத்திட்டத்தை ரத்து செய்தார்.

அதன்பின் நடந்ததே இச்சரித்திரத்தின் வளமான பகுதி. முந்நூறு பேருள்ள குடியிருப்புக்கு ஒரு மைல் தூரத்துக்குள் ஒரு பள்ளி என்று கணக்கிட்டுப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளி திறந்தும் வராத பிள்ளைகள் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை தேட நிபுணர் குழு எதுவும் வேண்டியிருக்கவில்லை; கரிசல் காட்டில் கோடை எப்படியிருக்கும் என்று தெரிந்தவருக்கே விடை தெரியும். 1956-ஆம் ஆண்டு, சாத்தூருக்குத் தெற்கே வெகுதூரமில்லாத எட்டயபுரத்தில், பாரதி பிறந்த ஊரில், மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று அதற்கு ஆதரவு திரட்டினார். ஊராரின் நன்கொடையால் ஆரம்பமான காரியத்துக்குச் சர்க்கார் பின்னர் மானியம் அளிக்கத் தொடங்கிற்று: ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா, அதில் ஆறு சர்க்காருடையது, நான்கு ஊராருடையது, ஆண்டுக்கு இருநூறு நாள். அறுவடை நாளில் களத்துமேட்டிலேயே பள்ளிக்கென்று நெல் அளந்து வாங்கப்பட்டது. பாத்திரமும் விறகும் காய்கறியும் நன்கொடையாக வந்தன. நான்கு பைசாவுக்கு வழியில்லாத ஊர்களில் அடுப்பு அணைந்து எரிந்து, எரிந்து அணைந்து நடந்ததும் உண்மையே. அறுபதுகளில் அமெரிக்கக் ‘கேர்’ நிறுவனம் அளித்த பால் பவுடரும் ரவையும் வந்தபின் பல பள்ளிகளில் சோறு போய் உப்புமா வந்தது. அந்த உப்புமாவின் வாசனையைச் சொல்லி முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. முகம் சுளித்துக்கொண்டே அதை உண்டு ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் அவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, இதே காலத்தில், இதே ஜில்லாவின் கிழக்கில் நடந்துகொண்டிருந்த மற்றொரு கதைக்கு வருவோம். 1922-இல் அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபின், மழை பொய்த்த கரிசலில் அத்தொழில் வேரூன்றியது. பட்டாசும் அச்சும் அதைத் தொடர்ந்தன. அத்தொழில் வயிற்றுக்கு வழிகாட்டியது என்பதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் யாருடைய விரல்களால்? விடியுமுன்பே ஏஜெண்ட் தெருத்தெருவாக வந்து கதவைத் தட்டி எழுப்புவான். தூக்கம் தெளியாத பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஆபீஸ் பஸ்ஸில் ஏறுவர். இருட்டிய பிறகே வீடு திரும்புவர். ஆபீஸில் தரையில் குந்தியிருந்து, பள்ளம் வெட்டிய மரச்சட்டங்களில் பள்ளத்துக்கு ஒரு குச்சியாக வைத்து, சட்டத்தின்மேல் சட்டமாக ஏற்றி முறுக்கி, மருந்து முக்கும் இடத்துக்குக் கொடுக்க வேண்டும். இதற்குத்தான் கட்டை அடுக்குதல் என்று பெயர். கூலி நாளுக்கல்ல, கட்டைக்கு. எத்தனை கட்டை என்று கணக்கப்பிள்ளை அட்டையில் குறிப்பார். பெற்றோர் முன்பணம் வாங்கியிருந்தால் அதற்கும் அங்கேயே கழிவு. பெட்டி ஒட்டும் வேலையோ வீட்டுத் திண்ணைக்கே வந்தது. இவ்வேலைகளில் பெண் குழந்தைகளே மிகுதி. அண்ணனைப் பள்ளிக்கு அனுப்பும் செலவு பல வீடுகளில் தங்கை அடுக்கிய கட்டையிலிருந்து வந்தது.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், இருந்தது, ஒன்றல்ல, பல. முன்பணத்துக்காகப் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை 1933-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாததாக்கியது. 1938-இன் சிறுவர் வேலைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் திருத்தமும் தீப்பெட்டி, வெடிமருந்துப் பட்டறைகளில் பன்னிரண்டு வயது நிரம்பாதவர்களை அமர்த்தக்கூடாது என்றன. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் வயதைப் பதினான்காக உயர்த்தியது. 1950-இல் அரசியல் சாஸனத்தின் இருபத்து நான்காம் ஷரத்து, பதினான்கு வயதுக்குட்பட்ட எவரையும் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ அபாயகரமான வேலையிலோ வைக்கலாகாது என்று பிரகடனம் செய்தது. 1976-இல் ஹர்பன்ஸ் சிங் குழு சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தது. 1983-இல் ஸ்மிது கோத்தாரி பம்பாய்ப் பத்திரிகையொன்றில் எழுதிய கட்டுரை இந்த ஊர்ப் பெயரை உலகுக்கு எட்டவைத்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தல் சட்டம் வந்தது.

இவ்வளவு சட்டங்களிலும் ஒரு கதவு மட்டும் திறந்தே இருந்தது. குடும்பத்தாரின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு விதிவிலக்கு என்று 1938-இன் சட்டம் சொல்லிற்று. 1986-இன் சட்டமும் அதையே சொல்லிற்று. 1953-இன் பாதிநாள் பள்ளி அதே எண்ணத்தைக் கல்வி இலாகாவின் பாஷையில் சொன்னது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எல்லா வேலையிலிருந்தும் விலக்கிவிட்டு, பள்ளி நேரம் போக, விடுமுறையில், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அதே கதவை ஒருக்களித்து வைத்தது. குடும்பம் என்பது பிள்ளைக்கு அரண் என்ற நம்பிக்கை சட்டம் இயற்றுவோருக்கு உண்டு. அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியே. ஆனால் ஆபீஸில் நடந்த வேலை சோதனைக்குப் பயந்து திண்ணைக்கு இடம்பெயர்ந்தபோது, அந்தக் கதவு வழியாகவே இடம்பெயர்ந்தது.

நீதிமன்றத்தின் போக்கும் கவனிக்கத் தக்கது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1990 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீப்பெட்டி உற்பத்தியிலிருந்து பிள்ளைகளை விலக்கச் சொல்லிவிட்டு, உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால் பொட்டலம் கட்டும் வேலையில் அவர்களை வைக்கலாம் என்றும், இளங்கைகள் அதற்கு ஏற்றவை என்றும் அபிப்பிராயப்பட்டு, பெரியவர் கூலியில் அறுபது சதவிகிதமும் ஐம்பதினாயிரம் ரூபாய்க்கு இன்ஷூரன்ஸும் வேண்டுமென விதித்தது. இளங்கை என்ற அந்த நியாயம் முதலாளிகளும் தரகர்களும் நெடுநாளாகச் சொல்லிவந்ததுதான். தீர்ப்பில் அதைக் காண்பது இன்றைக்கும் மனத்தை உறுத்துகிறது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 10-ஆம் தேதி, நீதிபதிகள் குல்தீப் சிங், ஹன்சாரியா, மஜ்முதார் ஆகியோர் அளித்த தீர்ப்பு வேறு தளத்தில் நின்றது. சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு அமர்த்தியவர் பிள்ளைக்கு இருபதினாயிரம் ரூபாய் நிதியில் கட்ட வேண்டும்; அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்குச் சர்க்கார் வேலை தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் ஐயாயிரம் ரூபாய் அந்நிதியில் சேர்க்க வேண்டும்; வட்டி பிள்ளையின் படிப்புக்காகக் குடும்பத்துக்குச் செல்ல வேண்டும். கட்டையிலிருந்து பிள்ளையின் கையை எடுத்தால் வீட்டில் எவ்வளவு குறையும் என்று நீதிமன்றம் கணக்குப் பார்த்தது அப்போதுதான்.

தடுக்கும் சட்டம் ஆபீஸ் வாசலில் நின்று பிள்ளையின் வயதைக் கேட்டது. கேட்டவனுக்குப் பதில் சொல்லிக்கொடுக்க ஏஜெண்ட்டுக்குத் தெரியும். சோறு கொடுக்கும் ஏற்பாடோ வீட்டு அடுப்பில் ஒரு வேளை உலையை மிச்சப்படுத்தியது. அதற்கு எந்தத் தாயும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1982 ஜூலை முதல் தேதி எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, நான்கு பைசா ஊரார் பங்கு என்ற நிபந்தனையை ஒழித்து, பால்வாடிக் குழந்தைகளையும் உள்ளடக்கி, சமையலுக்கு விதவைகளையும் ஆதரவற்ற பெண்களையும் அமர்த்தியபோது, நகைத்த பொருளாதார நிபுணர்கள் பலர். அதற்கு முன்பே, 1980-இல் மதுரை ஜில்லாவின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஆரம்பித்த ஊட்டச்சத்துத் திட்டம், மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துமாவு கொடுத்து, ஏறியதும் நிறுத்தும் நுட்பமான முறையைக் கையாண்டது. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் சமைத்த மதிய உணவை நாடெங்கும் கட்டாயமாக்கியபோது, தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே ஒரு தலைமுறையை வளர்த்திருந்தது. இயந்திரத் தீப்பெட்டி வந்ததும், குடும்பங்கள் சிறுத்ததும், பெண்கள் படித்ததும் தத்தம் பங்கை ஆற்றின என்பதில் ஐயமில்லை. ஒருகாலத்தில் குழந்தை உழைப்புக்கு உதாரணமாக உலகம் சுட்டிய விருதுநகர் ஜில்லா, 2018-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 97.05 சதவிகிதத்தோடு தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு மத்திய சர்க்கார் வகுத்த ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலிலும் அது இடம்பெற்றிருந்தது என்பது, ஒரு ஜில்லாவின் நிலையை ஓர் எண்ணால் அளக்க விரும்புவோருக்கு நல்ல மருந்து.

இவ்வளவும் சமவெளியின் கதை. செண்பகத்தோப்பில் வாழும் பளியர் பழங்குடிப் பிள்ளைகளிடம் இவை வந்து சேர்ந்த வேகம் வேறு. தேனும் கிழங்கும் கடுக்காயும் நாடி மலையேறும் குடும்பத்தோடு பிள்ளைகளும் ஏறுவர். மாதக்கணக்கில் வருகைப் பதிவேட்டில் வெற்றிடம் விழும். அறுபதுகளில் இம்மலைகளின் பளியரிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், ஒருவரையொருவர் அதிகாரம் செய்யாமையும், பூசலைத் தவிர்த்து விலகிப்போதலும், சிறியோர்க்கும் பெரியோர்க்கும் ஒரே மரியாதை அளித்தலும் அவர்களுடைய வாழ்க்கை நெறி என்று எழுதினார். பிரம்பை மேஜைமேல் வைத்துப் பாடம் நடத்திய நம் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பிள்ளை ஒருமுறை வந்து மறுநாள் வராமல் போனதில் வியப்பென்ன? பிள்ளையை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்தலாகாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு விதித்தது. பளியர் குடிசையில் சட்டமின்றியே நடந்துவந்ததை நாம் பாராளுமன்றத்தில் எழுதிக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்தது.

அடுத்த தடை காகிதம். பழங்குடிப் பிள்ளை என்பதற்கான சான்றிதழை வட்டாட்சியர் தர இயலாது. கோட்டாட்சியர்தான் விசாரித்து வழங்க வேண்டும். போலிச் சான்றிதழைத் தடுக்க ஏற்பட்ட இந்த எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் காட்டில் பிறந்து, பிறப்புப் பதிவும் பள்ளிச் சான்றும் இல்லாத தகப்பனின் மகனிடம் தகப்பனுடைய சான்றைக் கேட்கும்போது, நியாயம் வட்டமாகச் சுற்றி அவனையே வெளியே நிறுத்திவிடுகிறது. உதவித்தொகை, விடுதி, கல்லூரி இடம் யாவும் அந்த ஒரு தாளுக்குப் பின்னால் நிற்கின்றன.

மூன்றாவது தடை, நாம் சென்ற அத்தியாயத்தில் போற்றிய அதே சரணாலயம். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாக அது மேலும் விரிந்தது. காப்பு இறுக இறுக, வனப்பொருள் எடுப்பது சுருங்கும்; வனப்பொருள் சுருங்கினால் பளியர் வீட்டின் வரும்படி சுருங்கும்; அதன் பலன் பிள்ளையின் தட்டில் தெரியும். இந்த முரணை உணர்ந்து எழுதப்பட்டது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். சிறு வனப்பொருள்மேல் உரிமையை அது ஒப்புக்கொள்கிறது. அத்துடன், பலரும் கவனியாத ஓர் உட்பிரிவில், பள்ளி, அங்கன்வாடி, மருத்துவ நிலையம் போன்றவற்றுக்காக ஓரிடத்தில் ஒரு ஹெக்டேருக்கு மிகாமல், ஹெக்டேருக்கு எழுபத்தைந்து மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு வனநிலத்தைச் சர்க்கார் ஒதுக்கலாம் என்றும் சொல்கிறது. அணிலின் சாஸனமும் குழந்தையின் சாஸனமும் ஒரே பக்கத்தில் சந்திக்கும் இடம் இதுவே. கல்வி உரிமை விதிகள் ஒரு கிலோமீட்டருக்குள் ஆரம்பப் பள்ளி வேண்டுமென்கின்றன. நிலம் அதற்கு இடங்கொடாத இடத்தில் பிள்ளையை வண்டியில் அழைத்துச் செல்வது சர்க்காரின் கடமை என்கின்றன. பரிந்துரைக்க வேண்டிய கிராம சபையில் பளியர் எத்தனை பேர் வாய்திறந்து பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது மீதி.

சோறு இங்கும் முந்திக்கொண்டது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் அரசு ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. வெறும் வயிற்றோடு இறங்கிவரும் பிள்ளைக்கு மதியம் வரை காத்திராமல் காலை எட்டு மணிக்கே உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்க வழிபிறந்தது.

ஆனால் அந்தத் தட்டு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கிலிருந்து பதினெட்டு வரையுள்ளவர்களை அபாயமான தொழில்களிலிருந்து மட்டும் விலக்குகிறது. இந்த நான்கு ஆண்டு இடைவெளியில் நிற்பவள் பெரும்பாலும் பெண். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து உயர்கல்வியில் சேருபவளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. அது கல்லூரி வாசலில் நின்று கொடுக்கிறது. பத்தாம் வகுப்புக்கும் அந்த வாசலுக்கும் இடையே, கல்யாணச் செலவுக்குச் சேர்த்துத் தருவதாகச் சொல்லி மூன்றாண்டு ஒப்பந்தத்தோடு பஞ்சாலை விடுதிகளுக்குப் பெண்களை அழைத்துச் சென்ற ‘சுமங்கலி’ ஏற்பாடு தமிழ்நாட்டின் நூற்பு ஜில்லாக்களில் பல காலம் நடந்தது. பஞ்சாலைகளின் கதை 1936-இல் இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய ஆலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய தனிக் கதையாதலால், அதை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.